ரயில்வே கேட்டுக்குப் பாலமா, சைக்கிள் பாதையா: எதை முதலில் கேட்பது?

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து பெங்களூரு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கக்கதாசபுராவில் குடியிருக்கிறீர்கள். தெருக்காரர்கள் சேர்ந்து புதிய மாநகராட்சிக்கு ஒரு கோரிக்கைப் பட்டியல் கொடுக்கப் போகிறீர்கள். ஒருவர் ரயில்வே கேட்டுக்கு மேல் பாலம் வேண்டும் என்கிறார். ஐ.டி. பையன்கள் இரண்டு பேர் சைக்கிள் பாதை என்கிறார்கள். கீழ்வீட்டுக்காரருக்குக் குப்பை, மாடிக்காரருக்குப் பார்க்கிங். எதை முதலில் எழுதுவது? கூடவே, ஏழாவது படிக்கும் மகளை இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு சைக்கிளில் அனுப்பலாமா?

நான் அல்சூர் பக்கம் மர்ஃபி டவுனில் வளர்ந்தவன். அப்பா ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர், நானும் அதே மாதிரி ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு 2020 வரை எங்கள் வார்டு கமிட்டியில் உட்கார்ந்து இப்படிப் பட்டியல்கள் நாலைந்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை எந்த அலமாரியில் தூங்குகின்றனவோ. சில மட்டும் நடந்தன. அவை ஏன் நடந்தன என்று யோசித்து யோசித்து எனக்கு ஒரு கருத்து உண்டாகியிருக்கிறது.

வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் உள்ள அரைக் கிலோமீட்டரை முதலில் கேளுங்கள். நடைபாதை, விளக்கு, சாலையைக் கடக்கும் இடம், அப்புறம் பஸ். சைக்கிள் அதற்கடுத்து. பாலத்தைத் தனிக் காகிதத்தில் எழுதுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சங்கடமான விஷயம். உங்கள் கூட்டம் எப்போது நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி என்றுதான் இருக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள், வாசலில் கார் நிற்கிறவர்கள். எங்கள் கூட்டமும் அப்படித்தான். முதல் பட்டியலில் பார்க்கிங்தான் முதலிடம், பிறகு மரக்கிளை வெட்டுவது, பிறகு சிக்னலில் இடதுபக்கம் ஃப்ரீயாக விடுவது. எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். பட்டியலை நான் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது டம்ளரை வைத்துவிட்டு, "என்னண்ணா எழுதுறீங்க?" என்றார். சொன்னேன். "பஸ் ஸ்டாப்பு முக்குல லைட்டு எரிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. ஏழு மணிக்கு மேல அங்க நிக்கவே பயமா இருக்கு. அதை எழுதுங்களேன்" என்றார்.

எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. ஏழு மணிக்கு அந்த ஸ்டாப்பில் நின்றவர் எங்களில் யாரும் இல்லை. கடைசி வரியாகச் சேர்த்தோம். அந்தப் பட்டியலில் முதலில் நடந்த வேலை அதுதான். இரண்டு வாரத்தில் விளக்கு எரிந்தது. பார்க்கிங் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அதனால் எழுதுவதற்கு முன் மூன்று இடத்தில் போய் நில்லுங்கள். காலை ஆறரைக்கு நந்தினி பால் பூத், எட்டரைக்கு பள்ளி வாசல், சாயங்காலம் ஏழுக்கு பஸ் ஸ்டாப். செக்யூரிட்டி, வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பூக்காரம்மா, டெலிவரி பையன், பேரனைக் கூட்டிவரும் பாட்டி என்று எல்லோரிடமும் கேளுங்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் ஆளாளுக்கு மேம்பாலம் என்பார்கள், டி.வி.யில் பார்த்தது அதுதான். "வீட்டிலிருந்து கிளம்பினா எந்த இடத்துல சிரமம்?" என்று கேளுங்கள். இடத்தைச் சொல்வார்கள். ஸ்வீட் கடை எதிரே, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில், கேட்டுக்கு இந்தப் புறம் என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்த இடங்களை ஒரு தாளில் குறித்தால் பாதிப் பட்டியல் முடிந்தது.

இனி நடைபாதை. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெங்களூரு நடைபாதை ஏன் இப்படி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நம் பழைய லேஅவுட் தெருக்களில் நடைபாதை என்று தனியாக ஒன்று கிடையாது. மழைநீர் போகும் மோரியின் மேல் கல்லோ கான்கிரீட் சிலாப்போ மூடி, அதன்மேல் நாம் நடக்கிறோம், அவ்வளவுதான். மழைக்காலத்துக்கு முன் தூர்வார சிலாப்பைக் கிளப்புவார்கள். நாலில் ஒன்று உடையும், ஒன்று கோணலாக உட்காரும். அப்புறம் குடிநீர் வாரியம் தோண்டும், மின்வாரியம் தோண்டும், கேஸ் குழாய்க்காரர், இன்டர்நெட் கேபிள்காரர் என்று வரிசையாக வருவார்கள். தோண்டுகிறவர் வேறு, மூடவேண்டியவர் வேறு. மூடியதைச் சரிபார்க்க ஆளே இல்லை.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு, விட்டல் மல்லையா ரோடு பக்கம் போய் நடந்து பாருங்கள். டெண்டர்ஷ்யூர் என்ற திட்டத்தில் போட்ட சாலைகள். அகலமான நடைபாதை கண்ணுக்குத் தெரியும், ஆனால் விஷயம் அதற்கு அடியில் இருக்கிறது. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், கேபிள் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தடம், ஆட்கள் இறங்கிப் பார்க்கக் குழி. அடுத்தமுறை யாரும் கடப்பாரை எடுத்து வரவேண்டியதில்லை. போடும்போது செலவு அதிகம் என்று கத்தினார்கள், மாதக்கணக்கில் சாலையை மூடினார்கள் என்று நானும்தான் திட்டினேன். இன்றைக்கு வெயிலில் அந்த வழியாக நடக்கும்போது அந்தத் திட்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் தெருவுக்கு டெண்டர்ஷ்யூர் வராது. ஆனால் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: முதலில் குழாய், பிறகுதான் நடைபாதை. தெருவில் காவிரிக் குழாயோ கழிவுநீர்க் குழாயோ மாற்றவேண்டியது பாக்கி இருக்கிறதா என்று குடிநீர் வாரியப் பொறியாளரிடம் கேட்டுவிட்டு நடைபாதையைக் கேளுங்கள். இல்லாவிட்டால் மார்ச்சில் போட்டதை மே மாதம் தோண்டுவார்கள்.

கேட்கும்போது அளவோடு கேளுங்கள். சாலைகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் விதியின்படி குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். 1.8 மீட்டர் பல இடங்களில் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். "நடைபாதை மோசமாக இருக்கிறது" என்று எழுதினால் பொறியாளர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். "5வது கிராஸ் முனையிலிருந்து ஸ்டாப் வரை பதினொரு இடத்தில் தடை, இதோ படம்" என்று எழுதினால் அவரால் ஒரு மதிப்பீடு போட முடியும். மதிப்பீடு போட்டால்தான் டெண்டர், டெண்டர் வந்தால்தான் வேலை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதினொரு தடையில் குறைந்தது ஐந்து நம்முடையதாக இருக்கும். கார் ஏற்ற வாசலில் போட்ட சாய்தளம், பூந்தொட்டி, வண்டி நிறுத்த நட்ட இரும்புக் கம்பி. எங்கள் கமிட்டியில் நடைபாதை பற்றி மிகச் சத்தமாகப் பேசிய பெரியவர் வீட்டு வாசலில் எட்டு துளசித் தொட்டி நடைபாதையில் இருந்தது. துளசி ஆச்சே, யார் சொல்வது? கடைசியில் அவர் பேத்தியே உள்ளே எடுத்து வைத்தாள்.

பஸ்ஸுக்கு வருவோம். பெங்களூரில் நகர பஸ் கழகமான பி.எம்.டி.சி.தான் முதுகெலும்பு, மெட்ரோ இல்லை. சுமார் 7,000 பஸ், தினமும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள். 2023 ஜூன் 11 அன்று சக்தி திட்டம் வந்த பிறகு சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வீட்டம்மாவுக்கு ஆதாரில் இன்னும் கோவை முகவரி இருந்தால் மாற்றிவிடுங்கள், கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை இருந்தால்தான் அந்த இலவச டிக்கெட். புதிதாக வரும் நம் ஆட்கள் பலர் இது தெரியாமல் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு 2025 ஜனவரியில் கட்டணம் 15 சதவீதம் கூடியது. சாதாரண மாதப் பாஸ் இப்போது 1,200 ரூபாய்.

பஸ் விஷயத்தில் நம் ஆட்கள் எப்போதும் செய்யும் தவறு, புதிய ரூட் கேட்பது. மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்கு நேர் பஸ், மார்க்கெட்டுக்கு நேர் பஸ் என்று. கொடுத்துவிடுவார்கள், ஒரு நாளைக்கு மூன்று தடவை. மூன்று தடவை வரும் பஸ்ஸை நம்பி யாரும் நிற்க மாட்டார்கள், ஆறு மாதத்தில் "வசூல் இல்லை" என்று நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே ஓடும் ஒரு வண்டியை அடிக்கடி விடச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துக்கு மெட்ரோ என்றால் பையப்பனஹள்ளி அல்லது சுவாமி விவேகானந்தா ரோடு. அதில் ஒன்றுக்கு, காலை ஏழிலிருந்து பத்து வரைக்கும் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரைக்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு சின்ன பஸ். ஒரே ஒரு கோரிக்கை. கக்கதாசபுரா மெயின் ரோட்டின் அகலத்துக்கு நீளமான பஸ் திரும்புவதற்குள் பின்னால் அரைக் கிலோமீட்டர் வண்டி நின்றுவிடும், ஆகவே சின்ன பஸ் என்று குறிப்பாக எழுதுங்கள். பஸ் நிற்குமிடம் மெட்ரோ படிக்கட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள். மழையில் இருநூறு மீட்டர் நடந்து ஆட்டோக்களுக்கு நடுவில் புகுந்து பஸ்ஸைத் தேடுகிறவன் அடுத்த மாதம் ஸ்கூட்டர் வாங்கிவிடுவான்.

அடிக்கடி என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை மெட்ரோவின் மஞ்சள் தடம் காட்டியது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 நிலையம். எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்களும் ஓசூரிலிருந்து வருகிறவர்களும் வருடக்கணக்காகக் காத்திருந்த தடம். 2025 ஆகஸ்டில் திறந்தபோது கையில் இருந்தது மூன்றே ரயில், இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒன்று. தூண் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, எஸ்கலேட்டர் ஓடுகிறது, ரயிலைத்தான் காணோம் என்று என் தங்கை மகன் புலம்பினான். அதே 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் கணக்குப் போட்டால் பெட்ரோல் மலிவாகத் தெரியும். கட்டணத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம், ஆனால் அது உங்கள் மாநகராட்சியின் கையில் இல்லை.

பஸ்ஸுக்கென்று தனித்தடம் போட்டுப் பார்த்த கதையும் உண்டு. 2019 அக்டோபரில் அவுட்டர் ரிங் ரோட்டில் சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை இடது ஓரத்தை பஸ்ஸுக்கு ஒதுக்கினார்கள், நடுவில் குட்டைத் தூண்கள் நட்டார்கள். கார்க்காரர்கள் முணுமுணுத்தார்கள், பஸ் மட்டும் சர்ரென்று போனது. அப்புறம் கொரோனா, அப்புறம் அதே சாலையில் விமான நிலைய மெட்ரோ வேலை, தடம் காணாமல் போய்விட்டது. மெட்ரோ வேலை முடிந்ததும் அந்தத் தடம் திரும்ப வரவேண்டும் என்று உங்கள் பட்டியலில் ஒரு வரி போட்டால் நான் சந்தோஷப்படுவேன்.

சரி, சைக்கிள். இதில் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. அப்பா மர்ஃபி டவுனிலிருந்து தொழிற்சாலைக்கு சைக்கிளில்தான் போவார். கேரியரில் டிபன் கேரியர், பேன்ட் காலில் கிளிப். காலை ஷிஃப்டுக்குப் பழைய மெட்ராஸ் ரோட்டில் சைக்கிள் வரிசையாகப் போகும், மணிச் சத்தத்திலேயே எனக்கு விழிப்பு வரும். கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில், ஏப்ரல் மாதத்தைத் தவிர்த்தால் வியர்க்காத ஊர். சைக்கிளுக்கு இதைவிட நல்ல ஊர் தென்னிந்தியாவில் எங்கே இருக்கிறது? இன்று ஒரு கோடிக்கும் மேல் வண்டிகள் பதிவாகியிருக்கின்றன, பத்துக் கிலோமீட்டர் போக அரைமணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. சைக்கிள்காரன் அதே தூரத்தை ஏறக்குறைய அதே நேரத்தில் கடந்துவிடுவான், உயிரோடு போய்ச் சேர்ந்தால்.

சைக்கிள் பாதை போடாமல் இல்லை. 2020இல் அவுட்டர் ரிங் ரோட்டில் பஸ் தடத்தை ஒட்டியே ஒரு சைக்கிள் தடம் போட்டார்கள், தூண்கள் நட்டார்கள். தூண்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. உடையாத இடத்தில் பைக்குகள் புகுந்தன. வேறு சில பகுதிகளில் பெயின்ட் அடித்த தடம் இன்று கார் நிறுத்த வசதியாக இருக்கிறது. பெயின்ட் யாரையும் தடுக்காது. ஆகவே "எங்கள் தெருவுக்கு சைக்கிள் பாதை" என்று உங்கள் ஐ.டி. பையன்கள் கேட்பதில் எனக்குத் தயக்கம். இருக்கிற தெரு அகலத்தில் பாதை போட்டால் அது நடைபாதையிலிருந்துதான் வெட்டப்படும். பாட்டி நடக்கும் இடத்தைப் பிடுங்கி சைக்கிளுக்குக் கொடுப்பது எந்தக் கணக்கு?

அவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இந்த ஊரில் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டு ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குப் போகிறவர்கள் மட்டும் இல்லை. பேப்பர் போடும் பையன், இரவு ஷிஃப்ட் முடித்து வரும் அஸ்ஸாம் செக்யூரிட்டி, கேனில் டீ விற்கிறவர் என்று அது பெரிய கூட்டம். இவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. நான் நின்று கேட்டபோது இவர்களில் ஒருவர்கூடப் பாதை கேட்கவில்லை. கேட்டது எல்லாம் சின்ன விஷயம்.

ஒன்று, சாலையோர மழைநீர்ச் சல்லடை. கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் உள்ளே இறங்கி ஆள் தலைகுப்புற விழுவான். அதைக் குறுக்காகத் திருப்பிப் போட ஒரு மணி நேரம் போதும். அடுத்து ஹம்ப், அதாவது வேகத்தடை. நம் தெருக்களில் இருப்பது ஹம்ப் இல்லை, தார் ஊற்றிய வரப்பு. விதிப்படி 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். அதற்குமேல் வெள்ளைக் கோடு. அப்படிப் போட்டால் கார் வேகம் குறையும், சைக்கிள்காரனின் இடுப்பும் தப்பும். அப்புறம் மெட்ரோ நிலையத்தில் பூட்டி வைக்க இடம். கூரையும் கேமராவும் உள்ள இடமாக, படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே. பேஸ்மென்டின் கடைசி மூலையில் வைத்தால் யாரும் வைக்க மாட்டார்கள். கடைசியாக, உள் தெருக்களில் வேகம் முப்பதைத் தாண்டாமல் இருக்க வழி. கேட் மூடியிருக்கும்போது குறுக்கு வழி தேடிக் கார்கள் உங்கள் கிராஸ்களுக்குள் சீறிக்கொண்டு வருமே, அதை ஒரு பக்கம் மட்டும் அடைத்தால்கூடப் போதும், சைக்கிளும் ஆளும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு. வேகம் குறைந்த தெருவே சைக்கிள் பாதை, தனியாக ஒன்று வேண்டியதில்லை. மடக்கும் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதை மெட்ரோவுக்குள் கொண்டுபோகலாம் என்பதையும் உங்கள் பையன்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

பாலத்தைத் தனிக் காகிதத்தில் எழுதச் சொன்னேன் அல்லவா? கேட்டில் நிற்கும் எரிச்சல் எனக்கும் தெரியும், மருமகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு ரயிலுக்காவது நிற்கிறேன். ஆனால் ரயில்வே பாலம் என்றால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பங்கிட வேண்டும், இரண்டு பக்கமும் நிலம் எடுக்க வேண்டும், கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். இதற்கு இந்த ஊரில் ஒரு நினைவுச் சின்னமே இருக்கிறது: ஈஜிபுரா மேம்பாலம். இரண்டரைக் கிலோமீட்டர், 2017இல் வேலை தொடங்கியது, எட்டு வருடம் கழித்தும் முடியவில்லை. அதன் தூண்களுக்குக் கீழே வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பட்டியலில் பாலம் முதலிடத்தில் இருந்தால் அதிகாரிக்கு அது வசதி. "பெரிய வேலை, அரசின் பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரே பதிலில் முழுப் பட்டியலையும் மூடிவிடலாம்.

உங்கள் கேட் வழியாகப் போவது ஓசூர், சேலம் லைன். புறநகர் ரயில் திட்டத்தின் கனகா தடம், ஹீலலிகேயிலிருந்து ராஜானுகுண்டே வரை, இந்த லைனை ஒட்டித்தான் வருகிறது. கக்கதாசபுராவில் ஒரு நிலையமும் அதில் உண்டு. மொத்தம் நாலு தடம், 148 கிலோமீட்டர். 2022 ஜூனில் அடிக்கல் நாட்டியபோது நாற்பது மாதம் என்றார்கள். 2025 அக்டோபரோடு அந்த நாற்பது மாதம் முடிந்தது, ஒரு தடத்திலும் ரயில் ஓடவில்லை. ஆகவே பாலத்துக்கான காகிதத்தில் "பாலமும் நிலையமும் ஒன்றாகத் திட்டமிடப்பட வேண்டும், நிலையத்துக்கு இரண்டு பக்கமும் நடந்துபோக வழி வேண்டும்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பாலத்தைக் கட்டி முடித்த பிறகு நிலையத்துக்கு வழியில்லை என்பார்கள். நடந்துபோகிறவர்களுக்கு ஒரு சுரங்கப்பாதை என்பது பாலத்தைவிடச் சின்ன வேலை. தண்ணீர் தேங்காமல் கட்டினால்.

மக்கள் சொன்னால் எதுவும் நடக்காது என்று உங்கள் மாடிக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பாதி உண்மை. 2016 அக்டோபரில் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரைக்குமான இரும்பு மேம்பாலத்தை எதிர்த்து ஊரே சாலையோரம் கைகோத்து நின்றது. மரங்களுக்காக நானும் ஒரு மணி நேரம் நின்றேன். 2017 மார்ச்சில் அரசே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வேண்டாம் என்று சொல்லி நிறுத்துவது இந்த ஊருக்குக் கைவந்த கலை. வேண்டும் என்று சொல்லி வாங்குவதுதான் கஷ்டம், அதற்கு ஒரு நாள் கூட்டம் போதாது. இப்போது ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டுக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கச் சாலை என்கிறார்கள், 17,000 கோடிக்கும் மேல். அந்தக் காசுக்கு எத்தனை பஸ் வாங்கலாம் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தால் என் மனைவி டி.வி.யை அணைத்துவிடுகிறாள்.

குப்பை, தண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குப்பை ஆட்டோ வருவதில்லை என்று எழுதாதீர்கள், எந்த கிராஸுக்கு எந்தக் கிழமைகளில் வரவில்லை என்று இரண்டு வாரம் குறித்து வைத்து எழுதுங்கள். தெருமுனையில் குப்பை சேரும் இடத்துக்கு எதிரே நடந்துபோகிறவர்கள் நடுரோட்டுக்கு இறங்குகிறார்கள், ஆகவே அதுவும் நடைபாதைப் பிரச்சினைதான். தண்ணீரில் 2024 கோடை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் வந்தது, நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர், 2007இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காக. புகாருக்கு எண்கள்: மாநகராட்சிக்கு 1533, குடிநீருக்கு 1916, மின்சாரத்துக்கு 1912. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

யாரிடம் கொடுப்பது? இது இப்போது கொஞ்சம் சிக்கல். பழைய மாநகராட்சியான பி.பி.எம்.பி.யின் கவுன்சில் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தேர்ந்தெடுத்த கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகள்தான் ஊரை நடத்தினார்கள். 2025 செப்டம்பர் 2 முதல் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன்கீழ் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. உங்கள் தெரு எதில், எந்த வார்டில் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டியலை ஒரே கடிதமாகக் கொடுக்காதீர்கள். நடைபாதை, விளக்கு, ஹம்ப், சல்லடை எல்லாம் மாநகராட்சியின் வார்டு பொறியாளருக்கு. பஸ் பி.எம்.டி.சி. டிப்போவுக்கு. சாலையைக் கடக்கும் சிக்னல் போக்குவரத்து போலீஸுக்கு. சைக்கிள் நிறுத்துமிடம் மெட்ரோவுக்கு. பாலம் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும். எல்லாவற்றையும் ஒருவரிடம் கொடுத்தால் அவர் தன்னுடையது அல்லாததைக் காட்டித் தன்னுடையதையும் தள்ளிவிடுவார். எங்களுக்கு ஓர் அலுவலகத்தில் அப்படித்தான் எட்டு மாதம் போனது.

கடிதத்தைக் கன்னடத்தில் எழுதுங்கள். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் எங்களைப் போன்றவர்களே இதில் சோம்பேறித்தனம் காட்டுகிறோம், ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்துவிடுகிறோம். கன்னடக் கடிதம் மேஜையில் ஒரு நாள் முன்னதாகவே நகரும், கொடுக்கும்போது பேச்சும் சுமுகமாக இருக்கும். உங்கள் தெருவில் கன்னட மீடியத்தில் படித்த பிள்ளை யாராவது இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். கையெழுத்தும் எல்லா வீட்டிலும் வாங்குங்கள், தமிழ் வீடு மட்டும் போதாது. வேலைக்கு வரும் அக்காக்களின் கையெழுத்தையும் சேருங்கள், அவர்களும் இந்தத் தெருவில் நடக்கிறவர்கள்தான்.

மகள் விஷயம். அனுப்பலாம், ஆனால் உடனே தனியாக வேண்டாம். கேட்டைக் கடக்காமல் போகும் வழியா என்று பாருங்கள். கடந்துதான் ஆகவேண்டுமென்றால் இந்த வருடம் வேண்டாம். கடக்க வேண்டியதில்லை என்றால் மெயின் ரோட்டை விட்டு உள் கிராஸ்கள் வழியாக ஒரு வழி தேடுங்கள், நானூறு ஐநூறு மீட்டர் சுற்றானாலும் பரவாயில்லை. முதலில் ஒரு சனிக்கிழமை காலையில் நீங்கள் இரண்டு பேரும் நடந்து பாருங்கள், பிறகு ஒரு வாரம் நீங்களும் ஒரு சைக்கிளில் பின்னால் போங்கள். திருப்பத்தில் கைகாட்டுவது, நிற்கும் காரின் கதவுக்கு ஒரு கை தூரம் விட்டுப் போவது, குடிநீர் லாரிக்கு இடதுபக்கம் நுழையவே கூடாது என்பது, இந்த மூன்றும் பழகினால் போதும். கியர் சைக்கிள் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். மட்கார்டும் மணியும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம் இருக்கட்டும். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது மழையும் சேர்ந்தே திறக்கும், மட்கார்டு இல்லாவிட்டால் யூனிஃபார்ம் முதுகெல்லாம் சேறு.